அடம் பிடிக்கும் குழந்தையும் ஆறு பெரியவர்களும்

"எதுக்கெடுத்தாலும் அடம். நினைச்சது நடக்கலேன்னா தரையில விழுந்து புரளறான். கெஞ்சியும் பார்த்தாச்சு, அடிச்சும் பார்த்தாச்சு." தஞ்சாவூர்ப் பக்கத்தில் சின்னக் குழந்தை இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் புலம்பல் காதில் விழும். காரணம் சொல்லவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. "பாட்டி கொடுக்கிற செல்லம்" என்பாள் தாய். "பெத்தவளுக்கு வளர்க்கத் தெரியலே" என்பார் மாமியார். "எல்லாம் இந்த செல்போனால வந்தது" என்பார் தாத்தா. குழந்தையோ இவர்களில் யார், எந்த நேரத்தில், எவ்வளவு அழுதால் இளகுவார் என்று கச்சிதமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கும்!

நெல் விளையும் காவிரிப் பாசன ஊர்களில் ஒரு குழந்தையை ஒரு கை மட்டும் வளர்ப்பதில்லை. குறுவை நடவு, சம்பா நடவு, களை எடுப்பு, அறுப்பு என்று வேலை வந்துவிட்டால் தாய் விடியற்காலையிலேயே வயலுக்குப் புறப்பட்டு விடுவாள். குழந்தைக்கு அப்பாயி சோறூட்டுவார். தாத்தா கடைத்தெருவுக்குத் தூக்கிப் போவார். அத்தை குளிப்பாட்டுவாள். சித்தப்பா சாயங்காலம் வண்டியில் ஒரு சுற்று அழைத்துப் போவார். திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் தகப்பன் ராத்திரி செல்போனில் முகம் காட்டி, கேட்டதையெல்லாம் வாங்கி வருவதாக வாக்குக் கொடுப்பார். தாயையும் சேர்த்தால் ஆறு பேர். இத்தனை பேர் அன்பு கிடைப்பது பெரிய பாக்கியம்தான். ஆனால் ஆறு பேரும் ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தால்?

குழந்தைகளின் நடத்தையைச் சீர்ப்படுத்த வழி சொல்லும் மனோதத்துவ ஆலோசகர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான். "குழந்தை என்ன செய்தான்?" என்று கேட்டுவிட்டு, உடனே, "அப்போது வீட்டில் யார் யார் இருந்தீர்கள்? ஒவ்வொருவரும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அவர்களிடம் பயிற்சி பெறுவது பெரும்பாலும் குழந்தை அல்ல, வீட்டுப் பெரியவர்கள்தான்.

பத்து நாளில் அடங்கிய அழுகை

1959ஆம் ஆண்டு கார்ல் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஒரு குழந்தையைப் பற்றி மிகச் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் வரும் குழந்தைக்கு 21 மாதம். பிறந்து முதல் ஒன்றரை வருஷம் கடுமையான நோயில் கிடந்து தேறிய பிள்ளை. நோயாளிக் குழந்தை ஆயிற்றே என்று வீட்டார் எந்நேரமும் பக்கத்திலேயே இருந்து பழக்கிவிட்டார்கள். உடம்பு தேறியது, பழக்கம் போகவில்லை. தூங்க வைத்துவிட்டு யாராவது அறையை விட்டு நகர்ந்தால் ஒரே கத்தல். குழந்தை தூங்கும்வரை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை யாராவது ஒருவர் கூடவே உட்கார வேண்டியிருந்தது.

உடம்பில் கோளாறு ஏதுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு முடிவு எடுத்தார்கள். நிதானமாக, கொஞ்சிப் பேசிப் படுக்க வைப்பது. பிறகு வெளியே வந்துவிடுவது. கத்தினாலும் திரும்பிப் போவதில்லை. முதல் நாள் குழந்தை 45 நிமிஷம் கத்தித் தீர்த்தது. பத்தாவது தடவை, விட்டு வரும்போது சிணுங்கக்கூட இல்லை, சிரித்தது!

கதை இதோடு முடியவில்லை. குழந்தையைத் தூங்க வைக்கும் பொறுப்பைப் பெற்றோருடன் உறவுக்காரப் பெண்மணி ஒருவரும் பகிர்ந்துகொண்டிருந்தார். ஒரு வாரம் போல ஆன பிறகு, அவர் படுக்க வைத்த ஒரு நாள், குழந்தை மறுபடி கத்தியது. மனசு கேட்காமல் அவர் உள்ளே போய், தூங்கும்வரை கூடவே இருந்துவிட்டார். அவ்வளவுதான். பழைய அழுகை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறையும் ஒன்பது தடவையில் அழுகை நின்றது. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அந்தத் தொல்லையே இல்லை, குழந்தை கலகலப்பாக வளர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளையைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. பாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குவது நம் ஊர் வழக்கம். அதில் ஒரு குற்றமும் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். வீட்டில் ஒருவர் ஒரே ஒரு தடவை இளகினாலும் குழந்தை அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது. பத்து தடவை "இல்லை" என்று சொல்லிவிட்டுப் பதினோராம் தடவை கொடுத்தால், "பதினோரு தடவை அழு, கிடைக்கும்" என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி. எப்போதும் கொடுப்பதைவிட எப்போதோ ஒரு தடவை கொடுப்பதுதான் அடத்தை அதிகமாக உரமேற்றும்.

யார் யாரைப் பழக்குகிறார்கள்?

அமெரிக்காவில் ஆரகன் மாநிலத்தில் ஜெரால்டு பாட்டர்சன் என்ற நிபுணர், வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வதை நிமிஷக் கணக்கில் குறித்துவரச் செய்தார். அவர் கண்டது இதுதான். தாய் ஒன்று சொல்கிறாள். குழந்தை கத்துகிறது. தாய் விட்டுக்கொடுக்கிறாள். குழந்தை வாயை மூடுகிறது. கத்தினால் காரியம் ஆகும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று தாய் கற்றுக்கொள்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் பழக்கிவிடுகிறார்கள்! நாளாக நாளாகக் கத்தலும் கூடுகிறது, அடியும் கூடுகிறது.

நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். சோறு பிசைந்து வைத்திருக்கிறது. நாலு வயசுப் பையன் கடை மிட்டாய் வேண்டும் என்கிறான். "சாப்பிட்டப்புறம்தான்" என்கிறாள் தாய். பையன் தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் விழுகிறான். திண்ணையிலிருந்து தாத்தா குரல்: "ஒரு மிட்டாய்க்காகப் புள்ளைய இப்படி அழ விடுவியாம்மா? இந்தா சாமி, அஞ்சு ரூவா." அழுகை நின்றுவிட்டது. தாத்தாவுக்குப் பேரனை அமைதிப்படுத்தின திருப்தி. தாய்க்கு எல்லோர் முன்னாலும் தலைகுனிவு. பையனுக்கு மிட்டாய். நாளைக்கு அவன் தாயிடம் கேட்பானா, நேரே தரையில் விழுவானா? நீங்களே சொல்லுங்கள்!

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஆலோசகரிடம் போனால் முதலில் தரும் வீட்டுப் பாடம், எழுதுவது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மூன்று கட்டம் போடுங்கள். அடம் பிடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது? குழந்தை என்ன செய்தது? அதன் பிறகு யார் என்ன செய்தார்கள்? நேரத்தையும் குறியுங்கள். ஒரு வாரத்தில் ஏழு தாள். வரிசையாக வைத்துப் பார்த்தால், "எந்நேரமும் அடம்" என்று நாம் நினைத்தது எந்நேரமும் இல்லை என்று தெரியும்.

பெரும்பாலும் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். ஒரு பொருள் வேண்டும். யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும். பிடிக்காத வேலையிலிருந்து தப்ப வேண்டும். இல்லையென்றால் உடம்பில் ஏதோ தொந்தரவு: பசி, தூக்கம், வலி, இரைச்சல். காரணத்துக்குத் தகுந்தபடிதான் மருந்தும். அம்மா வயலிலிருந்து வந்ததும் பையன் தங்கையைக் கிள்ளுகிறான் என்றால், அவனுக்கு வேண்டியது அம்மாவின் பத்து நிமிஷம். வந்தவுடன் கைகால் கழுவிக்கொண்டு, அடுப்பைப் பார்க்கப் போவதற்கு முன், அவன் கிள்ளுவதற்கு முன், அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்துவிட்டால் கிள்ளுவதற்கு வேலையே இருக்காது.

உடம்பையும் மறக்கக் கூடாது. பல்வலி, காது வலி, மலச்சிக்கல், பூச்சித் தொல்லை இவையெல்லாம் சிடுசிடுப்பாகத்தான் வெளியே தெரியும். மண் தின்கிற, பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுகிற குழந்தைக்கு ரத்தசோகை இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை எரிச்சலும் சோர்வுமாக இருக்கும். திட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை திமிர் பிடித்த பிள்ளை இல்லை, காது மந்தமான பிள்ளையாகவும் இருக்கலாம்.

பாட்டியின் கையைக் கட்ட வேண்டாம்

இனி சிரமமான இடத்துக்கு வருவோம். வீட்டுப் பெரியவர்களை எப்படி ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவது? "உங்க செல்லம்தான் கெடுக்குது" என்று ஆரம்பித்தால் பேச்சு அத்துடன் முறிந்துவிடும். மருமகள் வயலில் நிற்கும் நேரமெல்லாம் பேரனைச் சுமப்பவர் அந்தப் பாட்டிதான். பேரனுக்கு வாங்கிக் கொடுப்பது அவருடைய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கினால் அவர் ஒளித்துக் கொடுப்பார். அது இன்னும் கெடுதல்.

கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். கொடுக்கும் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். "அத்தை, தின்பண்டம் நாலு மணிக்கு நீங்கதான் கொடுக்கணும். வேற யாரு கேட்டாலும் 'அப்பாயி நாலு மணிக்குத் தருவாங்க'ன்னு சொல்லிடறோம். அழுதா மட்டும் அந்த நேரத்துல வேணாம்." இப்படிச் சொன்னால் பாட்டிக்குப் பதவி உயர்வு! குழந்தைக்கும் அழுகைக்கும் தின்பண்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று புரியும். தாத்தாவின் அஞ்சு ரூபாயும், அப்பாவின் செல்போன் வாக்குறுதியும் அப்படியே. "அழாம பள்ளிக்கூடம் போனதுக்கு ஒரு பேச்சுப் பாராட்டுங்க" என்று துபாய்க்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால், தகப்பனும் வளர்ப்பில் பங்கெடுத்ததாகும்.

ஒரே சமயத்தில் பத்துச் சட்டம் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சட்டம் போதும். உதாரணமாக, "சாப்பிடும்போது செல்போன் இல்லை." உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன கணக்குப்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அந்த ஒரு மணி நேரம் எப்போது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி

நவராத்திரிக் கொலுவில் வைக்கும் தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையைத் தெரியாதவர் உண்டா? அடி வட்டமாக, கனமாக இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடிவிட்டு, அதே இடத்தில், அதே சிரிப்போடு நிமிர்ந்து நிற்கும். அடம் பிடிக்கும் குழந்தையின் முன்னால் பெரியவர்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்.

"சாப்பிட்டப்புறம் மிட்டாய், தம்பி" என்று ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு பேச்சை நிறுத்துங்கள். குழந்தை பக்கத்தில், பத்திரமாக இருக்கட்டும். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். முதல் மூன்று நாலு நாள் அழுகை குறையாது, கூடும். பழைய தந்திரம் பலிக்கவில்லையே என்று குழந்தை இன்னும் உரக்க முயன்று பார்க்கும். "இந்த வைத்தியம் பலிக்கலே" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். இங்கே தாங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அழுகை ஓய்ந்து, தானாகத் தட்டைத் தொட்ட அந்த நிமிஷம் திரும்பிப் பார்த்து, "அடே, தானா சாப்பிடறியே, கெட்டிக்காரன்!" என்று சொல்ல மறக்காதீர்கள். அடத்தைக் கவனிக்காமல் இருப்பது பாதி வைத்தியம். நல்லதை உடனே கவனிப்பது மீதிப் பாதி. முதல் பாதியை மட்டும் செய்தால் குழந்தைக்கு மிஞ்சுவது வேதனை.

பாராட்டையும் விவரமாகச் சொல்லுங்கள். "நல்ல புள்ள" என்பதைவிட, "தங்கச்சிக்கு விட்டுக்கொடுத்தியே, அது நல்லா இருந்துது" என்றால் எது நல்லது என்று புரியும். ஒரு தடவை சொன்னதும் கேட்டால் காலண்டரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். பத்துப் பொட்டு சேர்ந்தால் பெரிய கோயில் புல்தரையில் ஒரு சாயங்காலம் ஓடி விளையாடலாம். வேலை சொல்லும்போது அடுக்களையிலிருந்து கத்தாமல் அருகில் போய், ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். விளையாட்டை நிறுத்துவதற்கு முன், "இன்னும் ரெண்டு தடவை ஊஞ்சல், அப்புறம் குளியல்" என்று எச்சரிக்கை கொடுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எல்லாவற்றையும் பாராமல் விட முடியாது. வாய்க்காலுக்கும் குளத்துக்கும் ஓடுவது, அடுப்பைத் தொடுவது, பிறரை அடிப்பது இவற்றை உடனே தடுக்க வேண்டும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், சின்னக் குழந்தையைக் கண்ணெட்டும் தூரம் அல்ல, கையெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். மூன்று வயதுக்கு மேல் பிறரை அடித்தால், அமைதியாகத் தூக்கிவந்து, உங்கள் கண்ணெதிரே இரண்டு மூன்று நிமிஷம் தனியாக உட்கார வையுங்கள். இருட்டறை வேண்டாம். பூச்சாண்டியும் வேண்டாம். அடியும் வேண்டாம்: அடித்தால் அந்த நிமிஷம் அடங்கும், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையே 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

ஆலோசனை எப்போது, எங்கே?

ஆறு எட்டு வாரம் வீடே ஒன்றாக முயன்றும் பலனில்லை, குழந்தை தன்னையே தலையில் அடித்துக்கொள்கிறது, பள்ளியில் வைத்திருக்க முடியவில்லை என்றால் தள்ளிப்போடக் கூடாது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது, பேசின பேச்சு நின்றுபோவது, வலிப்பு இவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசுவான்" என்ற சமாதானத்தில் போகும் மாதங்கள் திரும்பி வராது.

தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. திருவாரூருக்கு 2010லும் நாகப்பட்டினத்துக்கு 2022லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2013ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை வளர்ச்சிக் குறைகளையும் பார்க்கிறது. தேவைப்படுகிறவர்களை மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டால் வழி சொல்வார். வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தைக்காக மட்டுமல்ல, தூக்கமும் நிம்மதியும் போய் அழுதுகொண்டிருக்கும் தாயும் தனக்காகப் பேசலாம்.

போகும்போது காலண்டர்த் தாள்களைக் கொண்டுபோங்கள். முக்கியமாக, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பாட்டியையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னால் குத்தலாகத் தெரிவது, டாக்டர் சொன்னால் யோசனையாகத் தெரியும். மாத்திரை எழுதித் தரவில்லையே என்று வருந்தாதீர்கள். துறுதுறுப்பு அதிகமான நாலைந்து வயதுக் குழந்தைக்குக்கூட முதல் சிகிச்சை பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

குடும்பத்தையே சிகிச்சையில் சேர்ப்பது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் 1957ல் மனநல மையம் தொடங்கியபோதே நோயாளியுடன் வீட்டார் கூடவே தங்க வேண்டும் என்று வைத்தார்கள். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோரைப் பத்து வாரம் குழுவாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்ததில், பிள்ளையைப் பற்றிய அவர்களுடைய மனப்போக்கு நல்லபடியாக மாறியது என்று அங்குள்ள டாக்டர்கள் 1999ல் எழுதினார்கள்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, குழந்தை தூங்கினதும், வீட்டுப் பெரியவர்கள் பத்து நிமிஷம் உட்காருங்கள். துபாயில் இருப்பவரையும் போனில் கூப்பிடுங்கள். யார் செல்லம், யார் குற்றம் என்ற பேச்சு வேண்டாம். "வர்ற ரெண்டு வாரத்துக்கு நாம எல்லாரும் சேர்ந்து சொல்லப்போற ஒரே சொல் எது?" என்று மட்டும் கேளுங்கள். சாப்பிடும்போது செல்போனா, கடை மிட்டாயா, தங்கையைக் கிள்ளுவதா, எதுவானாலும் ஒன்று. அதை முடிவு செய்துவிட்டுத் தூங்கப் போங்கள்.